டொலர் ஐந்நூறுக்குப் போகும் என்றார்கள்

2022 மார்ச் 7ஆம் திகதி இலங்கை மத்திய வங்கி ஓர் அறிக்கை விட்டது. நாணய மாற்று விகிதத்தைக் கொஞ்சம் நெகிழ விடுகிறோம், கொடுக்கல் வாங்கல்கள் ஒரு டொலருக்கு 230 ரூபாவைத் தாண்டாத மட்டத்தில் நடக்கும் என்று கருதுகிறோம் என்பது அதன் சாரம். அதற்கு முன் பல மாதங்களாக 200, 203 என்று பிடித்து வைத்திருந்த விலை அது. மார்ச் முடிவதற்குள் டொலர் 300ஐத் தொடப் போனது. மே மாதம் 360இல் நின்றது.

அந்த அறிக்கையை எழுதியவர்களைப் பார்த்து இப்போது சிரிப்பது சுலபம். எனக்கு அவர்கள்மேல் ஒரு விதத்தில் மரியாதை உண்டு. 230 என்று ஓர் எண்ணைச் சொன்னார்கள், எழுத்தில் சொன்னார்கள். பிழையாகிவிட்டது என்று எவரும் விரல் வைத்துக் காட்டலாம். அதே வாரம் தொலைக்காட்சிகளில் நள்ளிரவு வரை கதைத்த நிபுணர்கள் என்ன சொன்னார்கள் என்று இன்றைக்கு யாராவது ஞாபகப்படுத்திச் சொல்லட்டும் பார்ப்போம். "சவாலான காலகட்டம்." "உரிய நடவடிக்கை எடுக்காவிட்டால் பாரதூரமான விளைவுகள் ஏற்படும்." "அதேவேளை வாய்ப்புகளும் இருக்கின்றன." எது நடந்திருந்தாலும் அவர்கள் சொன்னதுதான் நடந்திருக்கும்.

கொழும்பு புறக்கோட்டை நாலாம் குறுக்குத் தெருவில் ஒரு மொத்தக் கடையில் கணக்குப் பார்க்கிறவன் நான். பருப்பு, கடலை, மல்லி, செத்தல் மிளகாய், சீனி. பருப்பு அவுஸ்திரேலியாவிலிருந்தோ கனடாவிலிருந்தோ வரும். ஆகவே டொலர் விலை எங்களுக்குச் செய்தி அல்ல, அடக்கவிலை. அந்த மார்ச் மாதம் முதலாளி செய்த முதல் வேலை, வாசலில் இருந்த விலைப்பலகையைக் கழற்றி உள்ளே சாத்தி வைத்தது. ஹட்டனிலிருந்தும் குருநாகலிலிருந்தும் வாடிக்கைக் கடைக்காரர்கள் போன் அடித்து விலை கேட்பார்கள். "இப்ப காசு போட்டா இந்த விலை. பின்னேரம் போட்டா பின்னேரத்து விலை. நாளைக்கு என்ன விலையெண்டு கேக்காதீங்க, எனக்கே தெரியாது" என்பார். மூட்டை தூக்குகிற நாட்டாமைகள் வண்டியில் ஏற்றி முடித்த மூட்டைகளை, காசு இன்னும் வங்கியில் விழவில்லை என்று திரும்ப இறக்கிய நாளும் உண்டு. இறக்கிய கூலியைக் கொடுப்பது யார் என்று அரை மணி நேரம் சண்டை.

அவர் விலை வைத்த முறையைப் பக்கத்தில் இருந்து பார்த்தேன். எந்த விவாத நிகழ்ச்சியும் அவர் பார்க்கவில்லை. காலையில் வங்கியில் எல்சி (இறக்குமதிக் காசுக்கு வங்கி கொடுக்கிற உத்தரவாதக் கடிதம்) திறக்கிற பகுதிக்குப் போன் எடுப்பார். "இந்த வாரம் திறக்கலாம்" என்று பதில் வந்தால் விலை அப்படியே இருக்கும். "பார்ப்போம் முதலாளி" என்று இழுத்தால் கிலோவுக்குப் பத்து ரூபா ஏறும். போனை எடுக்கவே இல்லையென்றால் அன்றைக்கு விற்பனையே இல்லை. துறைமுகத்தில் எங்கள் கொள்கலன் மட்டுமா நின்றது, டொலர் இல்லாமல் நூற்றுக்கணக்கில் தேங்கிக் கிடந்தன. விற்ற மூட்டையைத் திரும்ப வாங்க என்ன செலவாகும் என்பதுதான் அவருக்கு விலை. இதைத்தான் அன்றிரவு செய்தியில் பதுக்கல் என்று சொன்னார்கள். (பதுக்கியவர்களும் இருந்தார்கள், இல்லையென்று சொல்ல மாட்டேன். அது வேறு கதை.)

அவர் செய்ததும் எதிர்வுகூறல்தான். பல தடவை பிழையாகிப் போனது. இன்னும் ஏறும் என்று நம்பி வாங்கிப் போட்ட மிளகாய் அந்த ஆண்டின் கடைசியில் நட்டத்துக்குப் போனது. ஆனால் பிழைத்தது பேரேட்டில் ஏறியது, என் கையெழுத்தில். எந்த மாதம், எவ்வளவு என்று இன்றைக்கும் புரட்டிக் காட்டலாம். ஊடகத்தில் பொருளாதாரம் கதைக்கிறவர்களுக்கு அப்படியொரு பேரேடு இல்லை. என்னுடைய முழு மனக்குறையும் அதுதான்.

சரி, வரப்போவது யாருக்குமே தெரியவில்லையா? தெரிந்தது. அதற்கு எதிர்வுகூறல்கூடத் தேவைப்படவில்லை, கழித்தல் தெரிந்தால் போதும். 2019 முடிவில் நாட்டின் வெளிநாட்டு நாணயக் கையிருப்பு ஏறத்தாழ 7.6 பில்லியன் டொலர். 2021 நவம்பர் முடிவில் 1.6 பில்லியன். 2022 ஜனவரியில் 500 மில்லியன், ஜூலையில் ஒரு பில்லியன் என்று சர்வதேசப் பிணைமுறிகளுக்கு, அதாவது வெளிநாட்டுச் சந்தையில் அரசாங்கம் பத்திரம் விற்று வாங்கிய கடனுக்கு, கட்ட வேண்டிய தவணைகள் எல்லோருக்கும் தெரிந்த திகதிகளில் நின்றன. எரிபொருளும் மருந்தும் அதற்கு மேல். 2021 டிசம்பர் 17ஆம் திகதி நாடுகளின் கடன் தரத்தை மதிப்பிடுகிற ஃபிட்ச் நிறுவனம் இலங்கையின் தரத்தை "சிசி"க்கு, அதாவது கடன் கட்டாமல் போகக்கூடும் என்ற மட்டத்துக்கு, இறக்கியது. அவசரப்பட்டு இறக்கிவிட்டார்கள் என்று மத்திய வங்கி மறுப்பு விட்டது.

அப்புறம் ஒரு வேடிக்கை நடந்தது. டிசம்பர் முடிவில் கையிருப்பு 3.1 பில்லியன் என்று அறிவித்தார்கள். ஒரே மாதத்தில் இரட்டிப்பு என்று செய்தி. விவாதங்களின் தொனியே மாறிப்போனது. கூடியதில் பெரும்பகுதி சீனாவுடனான நாணய மாற்று ஏற்பாட்டில் வந்த 10 பில்லியன் யுவான், அதாவது ஏறத்தாழ ஒன்றரை பில்லியன் டொலர். மூன்று மாத இறக்குமதிக்குப் போதுமான கையிருப்பு இருந்தால்தான் அதைத் தொடலாம் என்ற நிபந்தனை பின்னர் வெளியே வந்தது. நிபந்தனை தெரியாவிட்டாலும் பரவாயில்லை, இது ஈட்டிய காசா, கைமாற்றா என்று கேட்க ஒரு நிகழ்ச்சித் தொகுப்பாளர் போதும். ஜனவரி 18ஆம் திகதி அந்த 500 மில்லியனைக் கட்டிவிட்டதைச் சாதனையாக வாசித்தார்கள். ஏப்ரல் 12ஆம் திகதி வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவுகளை நிறுத்துவதாக அரசாங்கம் அறிவித்தது, சுதந்திரத்துக்குப் பிறகு முதல் தடவையாக. மே மாதம் நிதியமைச்சர் நாடாளுமன்றத்தில் எழுந்து, பாவிக்கக்கூடிய கையிருப்பு 50 மில்லியன் டொலர்கூட இல்லை என்றார்.

இன்னொரு கூட்டத்துக்கும் முன்கூட்டியே தெரிந்திருந்தது. வெளிநாட்டில் வேலை செய்கிறவர்கள் வங்கி வழியாக 2020இல் அனுப்பியது 7.1 பில்லியன் டொலர். 2021இல் 5.5. 2022இல் 3.8. கட்டாரிலும் டுபாயிலும் உழைக்கிற எங்கள் பொடியன்கள் குடும்பத்தை மறந்துவிடவில்லை. வங்கி 203 ரூபா கொடுக்கும்போது வங்கிக்கு வெளியே காசு கைமாற்றுகிற உண்டியல்காரர் 240க்கு மேல் கொடுத்தார், அந்தப் பக்கம் போனார்கள். டொலருக்கு மேலதிகமாகப் பத்து ரூபா தருகிறோம் என்று 2021 டிசம்பரில் மத்திய வங்கியே அறிவிக்க வேண்டி வந்தது. சொன்ன விலையைச் சொன்னவரே நம்பவில்லை என்பதற்கு இதைவிட என்ன அத்தாட்சி வேண்டும்? ஆனால் "பத்து ரூபா ஊக்கத்தொகை" என்றுதான் தலைப்புப் போட்டார்கள்.

இதுவரை எழுதியதைப் படித்தால் நான் ஏதோ அரசாங்கத் தரப்புப் பொய்யைத் திட்டுவது போல இருக்கும். எதிர்ப்பக்கத்துக் கதையும் அவ்வளவு மோசம்தான், சனத்துக்கு அதில் கை நட்டமும் அதிகம்.

2022இன் இரண்டாம் பாதியில் அழிவைச் சொன்னவருக்குத்தான் மவுசு. டொலர் 400, 500 ஆகும். பஞ்சம் வரும். வங்கி வங்கியாக மூடுவார்கள். வெள்ளவத்தையில் எங்கள் மாமா ஒருவர், ஓய்வூதியக்காரர், யூடியூபில் ஒருவரைத் தவறாமல் பார்ப்பார். வெள்ளைப் பலகையில் கோடு கீறி, அம்புக்குறி போட்டு, 500ஐச் சுற்றி வட்டம் போடுகிற ஆள். மாமாவின் மகன் ரொறன்ரோவிலிருந்து வீட்டுத் திருத்த வேலைக்கென்று அனுப்பியிருந்த டொலர் கையில் இருந்தது. கூரையால் ஒழுக்கு. மாமி தினமும் வாளி வைத்துக்கொண்டிருந்தார். டொலர் அப்போது 360க்கு மேல். "ஐந்நூறு வரட்டும்" என்று மாமா பொறுத்திருந்தார். 2023 மார்ச் 20ஆம் திகதி சர்வதேச நாணய நிதியத்தின் மூன்று பில்லியன் டொலர் திட்டத்துக்கு அனுமதி கிடைத்தது. அதற்கு முன்பே ரூபா ஏறத் தொடங்கிவிட்டது. ஜூன் மாதம் டொலர் 300க்குக் கீழேகூட வந்தது. அரசாங்கம் குறுகிய காலக் கடன் வாங்குகிற 91 நாள் திறைசேரி உண்டியல் 30 வீதத்துக்கு மேல் வட்டி கொடுத்த காலம் வேறு. அந்தக் காசை ரூபாவாக்கிப் போட்டிருந்தால் கூரையோடு சேர்த்துச் சமையலறையையும் திருத்தியிருக்கலாம்.

மாமா என்னிடம் ஒன்றுதான் கேட்டார்: "தம்பி, அந்த ஆள் இப்ப என்ன சொல்றான்?" தேடிப் பார்த்தேன். அந்த ஆள் தங்கத்துக்கு மாறியிருந்தார். அதே பலகை, அதே அம்புக்குறி. பழைய காணொளிகளும் அப்படியே கிடந்தன. எவரும் கீழே கருத்துப் பகுதியில் போய்க் கேட்கவில்லை.

ரூபா ஏறியதில் மந்திரம் ஒன்றும் இல்லை. கடன் கட்டுவதை நிறுத்தியாயிற்று, அதனால் டொலர் வெளியே போகவில்லை. இறக்குமதிக்குக் கட்டுப்பாடு. வங்கி விலையும் வெளி விலையும் ஒன்றானதும் வெளிநாட்டுக் காசு திரும்ப வங்கிக்கு வந்தது, 2023இல் ஏறத்தாழ 6 பில்லியன். சுற்றுலாக்காரரும் வரத் தொடங்கினார்கள். இதுவும் கூட்டல் கழித்தல்தான். எனினும் அழிவு வருமென்று ஒரு வருடம் கதைத்தவர் திடீரென்று "கொஞ்சம் சீராகிறது" என்று சொன்னால் பார்க்கிறவர்கள் குறைந்துவிடுவார்கள் அல்லவா.

2023 ஜூன் கடைசி இன்னும் மோசம். ஜூன் 29 வியாழன் ஹஜ் பெருநாள், 30 வெள்ளி விசேட வங்கி விடுமுறை, பிறகு சனி, ஞாயிறு, திங்கள் போயா. ஐந்து நாள் வங்கி இல்லை. உள்நாட்டுக் கடன் மறுசீரமைப்பு, அதாவது அரசாங்கம் உள்நாட்டில் வாங்கிய கடனின் நிபந்தனைகளை மாற்றுகிற அறிவிப்புக்காகத்தான் அந்த வெள்ளிக்கிழமை விடுமுறை. வாட்ஸ்அப்பில் ஒரு குரல் செய்தி சுற்றியது. "வங்கியில் வேலை செய்யிற ஆள் சொன்னது, காசை எடுங்கோ, செவ்வாய்க்கிழமை பாதிதான் இருக்கும்." தொலைக்காட்சியில் அதே கேள்வியைக் கொஞ்சம் பணிவாகக் கேட்டார்கள்: "வைப்புகளுக்குப் பாதுகாப்பு உண்டா?" ஐந்து நாளும் வைப்பு, வைப்பு, வைப்பு.

வங்கி வைப்புகளில் ஒரு சதம் குறையவில்லை. அடி விழுந்தது ஊழியர் சேமலாப நிதிக்கு. நிதி வைத்திருந்த திறைசேரி முறிகளை (அரசாங்கத்தின் நீண்ட காலக் கடன் பத்திரங்களை)ப் புது முறிகளுக்கு மாற்ற வேண்டும், அவற்றுக்கு வட்டி முதலில் 12 வீதம், பிறகு 9 வீதம். மாற்ற மறுத்தால் நிதியின் வருமானத்துக்கு 14 வீத வரி 30 வீதமாகும். ஜூலை 1ஆம் திகதி சனிக்கிழமை நாடாளுமன்றத்தைக் கூட்டி அனுமதி வாங்கிவிட்டார்கள். எங்கள் கடையில் மாதாமாதம் ஊழியர் பங்கு 8 வீதமும் முதலாளி பங்கு 12 வீதமும் கணக்குப் பார்த்து அனுப்புகிறவன் நான்தான். நாட்டாமை முதல் லொறி ஓட்டுநர் வரை ஒருவருக்கும் இது தெரியவில்லை. வங்கியில் போட வைப்பே இல்லாத மனிதர்கள் அவர்கள். இருந்த ஒரே சேமிப்பு அந்த நிதி. ஐந்து நாள் நாடே கதைத்த விஷயத்தில் அவர்களுக்கு ஒன்றும் ஆகவில்லை, கதைக்காத விஷயத்தில்தான் ஆயிற்று. பொய்ச் செய்தியைவிட எனக்கு இதுதான் கோபம்.

எங்கள் ஊரில் மட்டும் இப்படி என்று நினைத்துவிட வேண்டாம். நாணய நிதியத்திலேயே வேலை பார்த்த பிரகாஷ் லூங்கானி 1990களில் பல நாடுகளில் வந்த 60 பொருளாதாரப் பின்னடைவுகளை எடுத்துப் பார்த்தார். ஒரு வருடம் முன்னதாக நிபுணர்களின் பொதுக் கணிப்பு பிடித்தது இரண்டே இரண்டை. அமெரிக்கப் பேராசிரியர் பிலிப் டெட்லொக் இருபது வருடமாக 280க்கும் அதிகமான நிபுணர்களிடம் கணிப்புகளை எழுதி வாங்கிச் சரி பார்த்தார். அவர் கண்டதில் எனக்குப் பிடித்தது, ஊடகத்தில் அதிகம் தோன்றியவர்களின் கணிப்பு மற்றவர்களுடையதைவிட மோசமாக இருந்தது என்பது. கூப்பிடுவது தயக்கமில்லாமல் பேசுகிறவரைத்தானே. "இரண்டு பக்கமும் இருக்கிறது" என்கிறவருக்கு இரண்டாம் அழைப்பு வராது.

இன்னொன்று. 2022இல் நாட்டின் பொருளாதாரம் 7.8 வீதம் சுருங்கியது என்று முதலில் சொன்னார்கள். ஒரு வருடம் கழித்து அதையே 7.3 ஆகத் திருத்தினார்கள். தவறில்லை, தரவு பிந்தித்தான் வரும். ஆனால் போன வருடமே இன்னும் முடிவாகாதபோது அடுத்த வருடத்தைத் தசம புள்ளியோடு சொல்கிறவரைக் கொஞ்சம் தள்ளி நின்றுதான் கேட்க வேண்டியிருக்கிறது. 2024இல் 2.2 வீத வளர்ச்சி என்று உலக வங்கி அந்த ஏப்ரலில் சொன்னது. அக்டோபரில் 4.4 என்றது. முடிவில் வந்தது 5. அக்டோபரில் பாதி வருடக் கணக்கு கையில் இருந்தது, பிந்திய எண் நெருங்கியதில் அதிசயமில்லை. மாற்றியதை எழுத்தில் மாற்றினார்கள் என்பதால் அவர்கள்மேல் எனக்குக் குறையும் இல்லை.

கணிப்புப் பலித்த இடமும் உண்டு. பணவீக்கம் 70 வீதம் வரை போய்ப் பிறகு இறங்கும் என்று 2022 நடுவில் மத்திய வங்கி சொன்னது. கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டிப்படி பணவீக்கம் செப்டெம்பரில் 69.8 வீதம், அடுத்த செப்டெம்பரில் 1.3. அச்சொட்டாக வந்தது. போன வருடம் விலை மலைபோல் ஏறியிருந்தால் இந்த வருட வித்தியாசம் சின்னதாகத்தான் தெரியும், அதுவும் பாதி கழித்தல்தான். "பணவீக்கம் வீழ்ந்தது" என்ற செய்தியைக் கேட்டுவிட்டு வந்து பருப்பு ஏன் இறங்கவில்லை என்று எங்கள் கடையில் சண்டை பிடித்தவர்களுக்கு இதை விளக்கியே எனக்குத் தொண்டை கட்டிப்போனது. விளக்க வேண்டியவர்கள் அன்று டொலரின் சதக் கணக்கை வாசித்துக்கொண்டிருந்தார்கள். "டொலரின் பெறுமதியில் திடீர் மாற்றம்" என்ற தலைப்பைத் திறந்து பார்த்தால் நேற்று இருந்ததற்கும் இன்றைக்கும் இருபது சதம் வித்தியாசம் இருக்கும். கீழே காரணமும் போட்டிருப்பார்கள். இருபது சதத்துக்கு எந்தக் காரணமும் பொருந்தும்.

சோதிடர்களோடு பொருளாதார நிபுணர்களை ஒப்பிட்டுச் சிரிப்பது இங்கே வழக்கம். சோதிடருக்கு அது அநியாயம். அப்போதைய ஜனாதிபதி மகிந்த ராஜபக்ச இரண்டு வருடம் முந்தி வைத்த தேர்தலுக்கு நாள் குறித்துக் கொடுத்த சோதிடர் வெற்றி நிச்சயம் என்றார். 2015 ஜனவரி 8ஆம் திகதி வாக்கெடுப்பு, மறுநாள் தோல்வி. சொன்னது இன்னார், பிழைத்தது இன்னது என்று முழு நாட்டுக்கும் தெரியும். பொருளாதார நிபுணர் ஒருவரை அப்படிப் பெயரும் திகதியும் வைத்து நினைவில் வைத்திருக்கிறோமா?

2025 நவம்பர் 7ஆம் திகதி வரவு செலவுத் திட்டம் வாசித்தார்கள். அடுத்த இரண்டு மூன்று வாரமும் வளர்ச்சி எத்தனை வீதம் என்ற விவாதம். 28ஆம் திகதி டித்வா புயல் தீவைக் குறுக்கறுத்தது. அறுநூறுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள், மலையக வீதிகள் மண்சரிவில் மூடிப்போயின, நேரடிச் சேதம் மட்டும் 4.1 பில்லியன் டொலர் என்று உலக வங்கி மதிப்பிட்டது. புயலைப் பொருளாதார நிபுணர் ஏன் சொல்லவில்லை என்று கேட்பது முட்டாள்தனம். உயிர்த்த ஞாயிறு குண்டுகளையும் கொரோனாவையும்கூட யாரும் ஜனவரியில் சொல்லியிருக்க முடியாது. நான் கவனித்தது அதற்கு அடுத்த வாரத்தை. அதே ஆட்கள், அதே நாற்காலிகள், அடுத்த ஆண்டு வளர்ச்சி எத்தனை வீதம் என்ற அதே கேள்வி. போன மாதம் நீங்கள் சொன்னது என்னவாயிற்று என்று ஒரு வரி முன்னுரைகூட இல்லை.

செய்திப் பிரிவில் வேலை செய்கிற நண்பன் ஒருவனிடம் இதைச் சொன்னேன். நிகழ்ச்சி தொடங்கும்போது, இவர் போன தடவை இந்த மேசையில் இருந்து சொன்னது இது, நடந்தது இது என்று திரையில் ஒரு வரி போடக்கூடாதா? கிரிக்கெட் ஆட்டக்காரன் உள்ளே வரும்போது அவன் ஓட்டக் கணக்கைப் போடுகிறீர்களே?

"போட்டா அடுத்த கிழமை யார் வருவான்?" என்றான். பிறகு கொஞ்சம் யோசித்து, "நீ வாவன். புறக்கோட்டை ஆள், நல்லா இருக்கும். டிசம்பர்ல டொலர் எவ்வளவு நிக்குமெண்டு சொல்லு."

தெரியாது என்றேன்.

"அதுக்கு அரை மணித்தியாலம் எப்பிடியடா நிரப்புறது?" என்றான்.